சதுரகிரி ரெண்டு நாள் பயணம்: மதுரையிலிருந்து ஆறு பேர், திட்டம் சரியா இருக்கா?

பழங்காநத்தத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு பார்த்து சதுரகிரி போகலாம்னு இருக்கோம். ஆறு பேர். நானும் மனைவியும் நாற்பதைத் தாண்டியாச்சு, பையனுக்கு 15, சென்னையிலிருந்து மச்சானும் அவர் வீட்டுக்காரம்மாவும் வர்றாங்க, கூட எங்க அம்மா. அம்மாவுக்கு 64. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறாங்க, இடது முழங்கால் வலியும் உண்டு. ஆனா மலை மேலே இருக்கிற சிவன், சுந்தர மகாலிங்கத்தைப் பார்த்தே தீரணும்னு நிக்கிறாங்க. எங்கள்ல யாரும் இதுவரை அந்த மலை ஏறினதில்லை.

நான் போட்டிருக்கிற கணக்கு இது: சனிக்கிழமை காலை 6 மணிக்கு மதுரையில் வண்டியை எடுத்தா 8, 8:30க்கு மலை அடிவாரம் தாணிப்பாறை. 9 மணிக்கு ஏற ஆரம்பிச்சு மதியம் தரிசனம், மேலே அன்னதானத்தில் சாப்பாடு, ராத்திரி மடத்தில் தங்கல். ஞாயிறு காலை இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில், பால்கோவா, வீடு. தண்ணி ஆளுக்கு ஒரு லிட்டர். இதில் எது தப்புன்னு சொல்லுங்க.

கல்லுப்பட்டி ரோடு:

முதல் தப்பு ராத்திரித் தங்கல். மலையில் இரவு தங்க அனுமதி கிடையாது. அன்னைக்கே ஏறி அன்னைக்கே இறங்கணும். மடத்தில் படுத்துட்டு வர்றதெல்லாம் பழைய காலம். இப்போ அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ளே வருது, 2021லிருந்து. அதுக்கு முன்னாடியே, 1988லிருந்து, சாம்பல் நிற அணில் சரணாலயம். கோயில் அறநிலையத்துறை கையில, பாதை வனத்துறை கையில. ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப்போனாத்தான் தாணிப்பாறை கேட் திறக்கும்.

ரெண்டாவது, நாள். பல வருஷமா அமாவாசையை ஒட்டி நாலு நாள், பௌர்ணமியை ஒட்டி நாலு நாள், ஆக மாசம் எட்டு நாள்தான் விட்டாங்க. இந்த ஏற்பாடு அப்பப்ப மாறும். அதனால சனி, ஞாயிறுன்னு முதல்லயே முடிவு பண்ணி சென்னைக்காரங்களுக்கு டிக்கெட் போட்டுடாதீங்க. போகிற வாரத்து அறிவிப்பைப் பார்த்துட்டு நாளை வையுங்க. அறிவிப்பு வந்த பிறகும் மழை எச்சரிக்கை இருந்தா முந்தின நாள் சாயங்காலம்கூட அனுமதியை ரத்து பண்ணுவாங்க. மாற்று நாள் ஒண்ணு கையில் இருக்கட்டும்.

மூணாவது, நேரம். கேட் காலையில் மட்டும்தான். 6 மணிக்குத் திறந்து முற்பகலிலேயே மூடிடுவாங்க. நீங்க போட்ட 8:30 கணக்கில் வழியில் ஒரு டீ, ஒரு பஞ்சர் ஆச்சுன்னா கேட்டுக்கு வெளியே நின்னு கும்பிட்டுட்டு வர வேண்டியதுதான். முதல் நாள் சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ரூம் போடுங்க. ஆண்டாள் கோயிலை அன்னைக்கே பார்த்துடலாம். பதினோரு நிலை ராஜகோபுரம், சாயங்கால வெயிலில் பார்க்கணும். மதியம் நடை சாத்தியிருக்கும், அதனால நாலு மணிக்கு மேல போங்க. எட்டரைக்குச் சாப்பிட்டுப் படுத்தா விடியக்காலை 4 மணிக்கு எழுந்திரிக்கலாம்.

வழி சுலபம். திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில். அங்கே மேற்கே பிரிஞ்சா வத்திராயிருப்பு, மகாராஜபுரம், தாணிப்பாறை. ஸ்ரீவில்லிபுத்தூர் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டி இருக்குங்கிறதை மறந்துடாதீங்க, காலையில் அந்தத் தூரத்தைத் திரும்பி வரணும். பஸ்ஸுன்னா மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் வண்டி ஏறி கிருஷ்ணன்கோவிலில் இறங்கி மாறணும். ஆரப்பாளையத்தில் போய் நிக்காதீங்க. ஆறு பேருக்கு விடியக்காலைப் பயணம்னா சொந்த வண்டிதான் சரி.

ஆடி அமாவாசைப் பக்கம் மட்டும் முதல்முறை போறவங்க போகவே வேண்டாம். நெரிசலில் நம்ம நடை நம்ம கையில் இருக்காது.

ஓடைக்கரை:

மேலே அண்ணன் சொன்னதோடு பாதையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பலர் ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். சதுரகிரியில் ஆளை அடிப்பது ஏற்றம் அல்ல, ஓடையும் இறக்கமும்தான்.

தாணிப்பாறையிலிருந்து தொடக்கம் சாதுவாகத்தான் போகும். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று வரும்போது நீர்வழிகளைக் கடக்க வேண்டும். சங்கிலிப்பாறை என்ற பெயரே சங்கிலியைப் பிடித்துக் கடந்ததால் வந்தது. பிப்ரவரியில் இந்த இடங்களில் தண்ணீர் குறைவாக இருக்கும், ஆனால் பாறையில் பாசி இருக்கும். ஈரப்பாறையில் குதிகாலை ஊன்றாதீர்கள், முழுப் பாதத்தையும் வையுங்கள். தாவிக் கடப்பது கூடவே கூடாது. தாவி வழுக்கிக் கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும்.

அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்தால் ஓடை திடீரென்று பெருகும். மலையின் பாறைச் சரிவு தண்ணீரைக் குடிக்காது, அப்படியே கீழே தள்ளிவிடும். 2015 மே மாதம் அமாவாசைக்குப் போன பக்தர்களை அப்படித்தான் வெள்ளம் அடித்துச் சென்றது, உயிர்ச்சேதமும் ஆனது. அது கோடை மழை. ஐப்பசி, கார்த்திகையில்தான் ஆபத்து என்று நினைக்கவேண்டாம். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் கயிறு பிடித்தாலும் இறங்கக்கூடாது. வடியும் வரை, வனத்துறையினர் சொல்லும் வரை, காத்திருப்பது ஒன்றுதான் வழி. நீங்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தது நல்லது. மார்ச்சுக்குப் பிறகு வெப்பமும் காட்டுத்தீயும் சேர்ந்துகொள்ளும்.

சங்கிலிப்பாறைக்குப் பிறகுதான் உண்மையான ஏற்றம். கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், சின்னப் பசுக்கிடை, நாவலூற்று, பச்சரிசி மேடு, பெரிய பசுக்கிடை என்று போய், பிலாவடிக் கருப்பசாமி வந்துவிட்டால் கோயில் பக்கம்தான். இந்தப் பெயர்களை வீட்டிலேயே எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள், பையன் முக்கியமாக. காட்டுக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வேகமாக நடப்பவர் ஒவ்வொரு பெயர் வந்த இடத்திலும் நின்று, பின்னால் வருபவர் தலை தெரிந்த பிறகே நகர வேண்டும். கிளைப் பாதையில் சித்தர் குகை காட்டுகிறேன் என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். மூலிகை என்று எந்த இலையையும் பறித்து வாயில் போடாதீர்கள். காப்பகத்தில் செடியைப் பறிப்பது குற்றம், தெரியாத இலை நஞ்சாகவும் இருக்கும்.

நேரக் கணக்கு: பழக்கமில்லாதவர்களுக்கு ஏற 4 முதல் 5 மணி நேரம். இறங்க 3 முதல் 4. காலை 6க்குத் தொடங்கினால் 11 மணிக்குள் கோயில். சுந்தர மகாலிங்கம், பிறகு படியேறி சந்தன மகாலிங்கம் இரண்டையும் பார்த்துவிட்டு 12:30க்கு இறங்கத் தொடங்குங்கள். 11:30 ஆகியும் பச்சரிசி மேட்டைத் தாண்டவில்லை என்றால் அங்கேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் இது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு. காலை வெயில் முதுகில் அடிக்கும், சாயங்காலமோ சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். சமவெளியில் வெளிச்சம் இருக்கும்போதே மரத்தடிப் பாதையில் கல்லும் வேரும் தெரியாது. களைத்த காலோடு அந்த நேரத்தில் ஓடைப் பாறைகளுக்கு வந்து சேர்வதுதான் ஆபத்து.

செவ்வந்தி:

தம்பி, அம்மா விஷயத்தைத் தனியா சொல்றேன்.

முழங்கால் வலி இருக்கிறவங்களுக்கு ஏறுறதைவிட இறங்குறதுதான் பெரிய கஷ்டம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடை முழுக்க ஒரே மூட்டில் விழும். மூணு மணி நேரம் இறங்கினா நல்ல காலுக்கே தொடை நடுங்கும். பாதி வழியில் மூட்டு வீங்கினா ஆள் தூக்கித்தான் வரணும். அது போக, கொரோனா காலத்தில் 60 வயசுக்கு மேலே விடமாட்டோம்னு அறிவிப்பே வந்தது. இப்போ வயசு வரம்பு இருக்கான்னு அறிவிப்பில் பார்த்துட்டுத்தான் அம்மாகிட்ட வாக்குக் கொடுக்கணும்.

ஒரு சோதனை இருக்கு. பயணத்துக்கு மூணு வாரம் முன்னாடி அழகர்கோயில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியா ராக்காயி அம்மன் தீர்த்தம் வரைக்கும் அம்மாவை நடத்திக் கூட்டிப் போங்க, நடந்தே இறங்கட்டும். தார் ரோடு, முடியலைன்னா வண்டி இருக்கு. மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க. கைப்பிடியைப் பிடிக்காம இறங்க முடியலைன்னா சதுரகிரி வேண்டாம். அதுவும் தார் ரோட்டைவிட சதுரகிரி ரெண்டு மடங்கு கடினம்னு மனசுல வையுங்க.

சர்க்கரை மாத்திரையில் கிளிமிப்பிரைடு மாதிரி இருந்தா, நடக்க நடக்க சர்க்கரை கீழே இறங்கும். வியர்வை, கை நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம்தான் அடையாளம். மலை ஏறுறப்போ எல்லாருக்கும் வேர்க்கும்ங்கிறதால கண்டுபிடிக்கிறது கஷ்டம். அன்னைக்கு மாத்திரை அளவை டாக்டர்தான் சொல்லணும், நீங்களா நிறுத்தாதீங்க. பையில் குளுக்கோஸ் தனியா இருக்கட்டும். விரதம்னு வெறும் வயித்தில் ஏறவே கூடாது.

தண்ணி ஒரு லிட்டர் பத்தாது. ஆளுக்கு ரெண்டு லிட்டர், அதில் ஒரு லிட்டர் உப்பும் சர்க்கரையும் கலந்தது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லேன்னா, ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், ரெண்டும் தலைதட்டி. உப்பு இதுக்கு மேல போகக் கூடாது. அம்மா இதைக் குடிக்கணுமான்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க. வேர்வையில் போற உப்பு வெறும் தண்ணியால ஈடாகாது. தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காம கால்மணிக்கு ஒருதடவை ரெண்டு மடக்கு குடிங்க.

சாப்பாட்டுக்கு அன்னதானத்தை நம்பிப் போகாதீங்க, கிடைச்சா பிரசாதமா வாங்கிக்கலாம். புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ வாழையிலையில் கட்டிக்கங்க. தயிர்சாதம் மதியத்துக்குள்ள புளிச்சிடும். கூட கடலைமிட்டாய். எல்லாத்தையும் வாய் கட்டின பைக்குள்ள வையுங்க, குரங்கு கையிலிருந்தே பறிச்சிடும்.

பழங்காநத்தத்தான்:

ரொம்ப நன்றிங்க. அக்கா சொன்ன மாதிரி அம்மாவை அழகர்மலைக்குக் கூட்டிப் போய்ப் பார்க்கிறேன். முதல் நாள் சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூர்னு மாத்திட்டோம். இன்னும் மூணு சந்தேகம். அபிஷேகத்துக்குப் பால் கொண்டு போகலாமா? மனைவி வெறுங்காலில் ஏறுறதா வேண்டியிருக்காங்க, பரவாயில்லையா? அம்மா வரலைன்னா அவங்களை அன்னைக்கு எங்கே விடுறது?

கல்லுப்பட்டி ரோடு:

பால் தாராளமா கொண்டு போகலாம். ஆனா பாக்கெட்டாக வேண்டாம், பிளாஸ்டிக் சோதனை உண்டு. மூடி இறுகின எவர்சில்வர் பாத்திரத்தில் ஊத்தி, நனைச்ச பருத்தித் துணியைச் சுத்துங்க. காத்துப் பட்டா குளிர்ச்சியா இருக்கும். காலை 5 மணிக்கு வாங்கின பச்சைப்பால் சன்னதிக்குப் போக 11 ஆகும், துணி காயாம பார்த்துக்கணும். அரை லிட்டர் போதும், அதுக்கு மேல சுமைதான். தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட் எதுவும் பையில் இருக்கக் கூடாது. மச்சான்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

ஓடைக்கரை:

வெறுங்கால் வேண்டுதல் இருந்தால் அடிவாரத்தில் சிறிது தூரமும், பிலாவடிக் கருப்பிலிருந்து கோயில் வரையும் வெறுங்காலில் நடந்து, நடுவில் ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். முழுக்க வெறுங்கால்தான் என்றால் இப்போதிருந்தே தினமும் அரைமணி நேரம் மண்தரையில் நடக்க வேண்டும். பழகாத பாதத்தில் கொப்புளம் வரும், இறங்கும்போது அது இன்னும் படுத்தும். போட்டுப் பழகிய, அடிப்பக்கம் பிடிமானம் உள்ள ஷூ மற்றவர்களுக்கு. புது ஷூவும் தேய்ந்த செருப்பும் இரண்டுமே கெடுதல். இரண்டு நாள் முன்னால் கால் நகத்தை வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடித்து நகம் கறுத்துப்போகும். ஆளுக்கு ஒரு மூங்கில் கம்பு. இறங்கும்போது கம்பைத்தான் முதலில் ஊன்ற வேண்டும், பிறகு கால்.

செவ்வந்தி:

அம்மா வரலைன்னா தாணிப்பாறையில் காக்க வைக்காதீங்க, பத்து மணி நேரம் உட்கார நேரும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரூமிலேயே இருக்கட்டும், துணைக்கு மச்சான் வீட்டுக்காரம்மா இருந்தா நல்லது. காலையில் ஆட்டோவில் மடவார்விளாகம் வைத்தியநாதசாமி கோயிலுக்குப் போயிட்டு வரலாம், அதுவும் சிவன் சன்னதிதான், படியேற வேண்டிய வேலை இல்லை. மலையில் அபிஷேகம் ஆன பாலைக் கொஞ்சம் அதே பாத்திரத்தில் வாங்கிட்டு வராதீங்க, கீழே வர்றதுக்குள்ள கெட்டுப் போகும். விபூதியும் சந்தனமும் காகிதத்தில் மடிச்சு வாங்கிட்டு வந்து அவங்க நெத்தியில் வச்சு விடுங்க.