குழந்தைகளோடு ஒற்றை வண்டியில் பனிக்கும் பாலைக்கும் போகலாமா?

நாலுசக்கரன்:
"ரெண்டு வண்டி இல்லாம ஆஃப்ரோடு (ரோடு இல்லாத தடத்துல) கிளம்பாதே" என்பதை எல்லாரும் வேதவாக்கு மாதிரி சொல்றீங்க. எனக்கு உடன்பாடு இல்லை. நான், மனைவி, ரெண்டு பசங்க, ஒரே ஜீப். அப்படித்தான் போறோம், அப்படித்தான் போவோம். மாட்டிக்கிட்டா கத்தினாலும் கேட்க ஆளில்லாத காலத்தில வந்த விதி அது. இப்போ டவர் இல்லாத இடத்திலேர்ந்தும் செய்தி அனுப்புற சாட்டிலைட் மெசஞ்சர் இருக்கு. 2022-ல வந்த ஐபோன் 14-லேயே செயற்கைக்கோள் வழியா அவசரச் செய்தி அனுப்புற வசதி வந்துடுச்சு. மாட்டின வண்டியைக் கயிறு சுத்தி இழுக்கிற வின்ச் இருக்கு, சக்கரத்துக்கு அடியில போடுற மணல் பலகை இருக்கு, டயருக்குக் காத்தடிக்கிற கம்ப்ரஸர் இருக்கு. கூட்டத்தோட போனா என்ன ஆகும் தெரியுமா? முன்னாடி போறவன் வேகத்துக்கு நாமும் விரட்டணும். சின்னவன் வாந்தி எடுத்தாக்கூட நிறுத்த கூச்சமா இருக்கும்.

வடக்கயிறு:
சகோ, செய்தி போய்ச் சேர்றது வேற, ஆள் வந்து சேர்றது வேற. வானிலை மோசமானா ஹெலிகாப்டரே கிளம்பாது. அப்புறம் வின்ச். மணல்மேட்டுல அதை எதுல மாட்டுவீங்க? மரம் கிடையாது, பாறை கிடையாது. ஸ்பேர் டயரைப் புதைச்சு நங்கூரமாக்கலாம்னு சொல்வாங்க, செய்யவும் முடியும். கொளுத்துற வெயில்ல மணல்ல குழி தோண்டிப் பாருங்க, தோண்டத் தோண்டச் சரியும். பின்னாடி இன்னொரு வண்டி நின்னா இழுவிசைக் கயிறு போட்டு சில நிமிஷத்துல வெளியே வந்துடலாம்.

1996 ஜூலையில அமெரிக்காவோட டெத் வேலி பாலைவனத்துக்குப் போன ஜெர்மன் குடும்பத்தை மறந்துட்டீங்களா? ரெண்டு பெரியவங்க, ரெண்டு குழந்தைங்க. அக்டோபர்ல வேன் மட்டும் ஒரு மணல் ஓடையில கிடைச்சது, மூணு டயர்ல காத்தில்லை. வண்டியிலிருந்து பல மைல் தள்ளி எலும்புகள் கிடைக்க 2009 ஆச்சு.

நாலுசக்கரன்:
அது வாடகைக்கு எடுத்த சாதாரண வேன், நாலு சக்கர இயக்கமே கிடையாது. அதை வச்சு என் ஜீப்பை எடை போடாதீங்க. ரெண்டு வேன்ல போயிருந்தா ரெண்டும்தான் மாட்டியிருக்கும். முக்கால்வாசிப் பேர் மணல்ல மாட்டுறதுக்குக் காரணம் ரோட்டுல ஓட்டுற அதே டயர் காத்தோட உள்ளே இறங்குறதுதான். டயர் காத்தழுத்தம் 15-லேர்ந்து 18 பி.எஸ்.ஐ.க்குள்ள வர்ற மாதிரி இறக்குங்க, டயர் நீளவாக்குல தரையில படிஞ்சு மிதக்கும். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் காத்தை ஏத்திடணும், அவ்வளவுதான்.

உறைபனி:
மணலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பனி வேறு கதை. நாலு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. வழுக்கும் இறக்கத்தில் எல்லா வண்டியும் ஒன்றுதான். இரண்டாவது வண்டி நெருங்கி வந்தால் முதல் வண்டியின் மேலேயே வந்து இடிக்கும்.

பனியில் சிக்கியபின் பலர் கவனிக்காதது புகைக்குழாய். பனி அதை அடைத்துவிட்டால், ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடும் வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. பின்சீட்டில் குழந்தை தூங்குகிறதா மயங்கிவிட்டதா என்றே தெரியாது. இறங்கி, குழாயைச் சுற்றித் தோண்டிய பிறகுதான் எஞ்சினைப் போட வேண்டும். அதுவும் மணிக்குப் பத்து நிமிடம் போதும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து.

2006 நவம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநில மலைப்பாதையில் ஒரு குடும்பம் பனியில் சிக்கியது. அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். எரிபொருள் தீர்ந்ததும் டயரை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து உதவி தேடி நடந்த அப்பா இறந்துபோனார். வண்டியோடு இருந்த அம்மாவையும் குழந்தைகளையும் ஹெலிகாப்டர் கண்டுபிடித்தது. வண்டியை விட்டு நகராதீர்கள். எத்தனை வண்டி என்பதெல்லாம் அப்புறம்.

பின்சீட்டு அம்மா:
வின்ச், கயிறு, காத்து… பின்சீட்டுல இருக்கிறவங்களைப் பத்தி உறைபனி ஒருத்தர்தான் பேசினார். குழந்தை உடம்பு பெரியவங்களைவிட மூணுலேர்ந்து அஞ்சு மடங்கு வேகமா சூடேறும். ஏ.சி. நின்ன வண்டி வெயில்ல கிடந்தா நீங்க கயிறு கட்டி முடிக்கிற வரைக்கும் அது காத்திருக்காது. பனியில பஞ்சு மாதிரி கோட்டோட சீட்ல கட்டி உட்கார வைக்கிறாங்க. மோதினா கோட்டு அமுங்கி பெல்ட் தொளதொளன்னு ஆயிடும். கோட்டைக் கழட்டிட்டு கட்டி, மேல போர்த்தணும்.

எனக்கு இரண்டாவது வண்டி இழுக்கிறதுக்கு இல்லை. என் வண்டி நின்னா பசங்களை ஏ.சி.யோ ஹீட்டரோ ஓடுற இன்னொரு வண்டியில ஏத்தி அங்கிருந்து அனுப்பிடலாம். ஆம்பளைங்க அப்புறம் ஆற அமர கயிறு கட்டிக்கட்டும். இந்தக் கணக்கை எந்தச் செயற்கைக்கோளும் தீர்க்காது.

வடக்கயிறு:
இதைத்தான் நான் சுத்தி வளைச்சேன், நீங்க போட்டு உடைச்சிட்டீங்க அக்கா. இழுக்கும்போதும் பசங்க வண்டிக்குள்ள இருக்கக் கூடாது, கயிறோட நீளத்துக்கும் அதிகமா தள்ளி நிக்கணும். டிரெய்லர் மாட்டுற குண்டுல கயிறை மாட்டுறவங்களைப் பார்த்தாலே எனக்குப் பதறும். அது பிச்சுக்கிட்டு பறந்து ஆள் செத்திருக்காங்க.

நாலுசக்கரன்:
மணல்மேடு விஷயத்தில அக்கா சொல்றதுக்கு என்கிட்ட பதில் இல்லை. முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே தெரியாத இடத்துக்குக் குடும்பத்தோட தனியா போக மாட்டேன். ஆனா கல் பாவின பாலைவனத் தடம், ஆள் நடமாட்டம் இருக்கிற பாதை, காலையில போய் சாயங்காலம் திரும்புறது, எங்கே போறோம்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போறது, ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்குக் குறையாத தண்ணி? இதுக்கும் ரெண்டு வண்டி கேட்டா பாதிக் குடும்பம் வீட்டிலேயே இருக்கும்.

உறைபனி:
பனிக்கு?

நாலுசக்கரன்:
குளிர்காலத்தில மூடுற பாதைன்னு வரைபடம் சொன்னா, ஜி.பி.எஸ். எவ்வளவு குறுக்குவழி காட்டினாலும் இறங்க மாட்டேன். மத்தபடி ஒற்றை வண்டிதான், டயர்ல மாட்டுற பனிச் சங்கிலியோட.

பின்சீட்டு அம்மா:
உங்களுக்கு அடிபட்டு படுத்துட்டா உங்க மனைவி லோ ரேஞ்ச் (மெதுவா, அதிக இழுவையோட போற கியர்) போட்டு ஓட்டுவாங்களா?

நாலுசக்கரன்:
என்னைவிட நல்லா ஓட்டுவா. வின்ச் மட்டும் தெரியாது.

வடக்கயிறு:
அப்போ முதல்ல அதைக் கத்துக்கொடுங்க. வண்டி எண்ணிக்கைச் சண்டையை அப்புறம் தொடரலாம்.