கருத்தரங்குல ஆராய்ச்சி போஸ்டர் வெச்ச அனுபவம் சொல்லுங்க, நான் ஆரம்பிக்கறேன்

எம்.எஸ்சி. பூச்சியியல் படிக்கறப்ப கோயமுத்தூர்ல ஒரு கருத்தரங்கு. என் தலைப்பு தென்னை ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. நம்ம நாட்டுல 2016ல பொள்ளாச்சிப் பக்கம் முதல்ல தென்பட்ட அதே சனியன்தான். ஓலைக்கு அடியில உக்காந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கற இனிப்புப் பிசுக்கு (தேன்கழிவு) கீழ்மட்டையில சொட்டி, அதுமேல கரும்பூஞ்சை படரும். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாக் காய்ச்சித் தெளிச்சா, பூஞ்சை காஞ்சு பொருக்குப் பொருக்கா உரியும். அதைத்தான் காட்டணும்.

கேட்ட அளவு ஏ0, அதாவது 84.1க்கு 118.9 செ.மீ. நானோ பவர்பாயிண்ட்ல ஸ்லைடு அளவை மாத்தாமயே செஞ்சு, ராத்திரி ஒம்போது மணிக்கு அண்ணனைக் கூட்டிட்டுக் காந்திபுரத்துல ஒரு ஃபிளெக்ஸ் கடையில நின்னேன். பெருசு பண்ணுனா கிராஃப் பூராவும் கட்டங்கட்டமா உடையுது. (ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டுன பாவம்.) கடைக்காரர் ஒரு காதுகுத்து பேனரை ஓரங்கட்டிட்டு, "இத்தன எழுத்தை எவன் நின்னு படிப்பான் அம்முணி?"ன்னாரு. பாதியை வெட்டுனோம். மைதா தெளிக்காத மரத்தோட படமும் அப்பப் போனதுதான்.

மறுநாள் நடுவர் மூணு நிமிசம் கேட்டுத் தலையாட்டிட்டுப் போயிட்டாரு. பின்னாடியே ஆனைமலைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருத்தர் வந்தாரு. கிராஃபைத் திரும்பிக்கூடப் பாக்கல. 'தெளித்த பின்' படத்துக்கிட்டக் குனிஞ்சு, "ஏனம்முணி, வட்டப்பாத்தியில தண்ணி நிக்குது. மழைங்களா?"

"ஆமாங்கய்யா, நடுவுல ரெண்டு நாள்."

"அப்ப கருப்பு மைதாவுல போச்சா, மழையில கழுவிப் போச்சா? தெளிக்காத மரம் எங்க?"

லேப்டாப்ல இருந்துச்சுங்க. போஸ்டர்ல அந்த இடத்துல லோகோ ரெண்டு பெருசா உக்காந்திருந்துச்சு.

திருப்பூர்க்காரன்: நம்ம கதை வேறங்க. ஃபிளெக்ஸைச் சுருட்டிட்டு பஸ்ஸுல போனா நடுவுல மடிஞ்சு கோடு விழுந்துருது. அடுத்த தடவை சப்ளிமேஷன் (சூட்டுல சாயத்தைத் துணியில ஏத்தற அச்சு) கடையில துணியிலயே அடிச்சேன். காட்டன்ல அந்தச் சாயம் ஏறாது, பாலியஸ்டர்தான் வேணும். பனியன் ஊருல பொறந்தும் அது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். சட்டையாட்ட மடிச்சுப் பையில போட்டுக்கிட்டேன்.

பெருந்துறை: அக்கா, அந்த ஐயாவுக்கு என்ன சொன்னீங்க?

பதில்: லேப்டாப்பைத் தொறந்து படத்தைக் காட்டுனேன். தெளிக்காத மரத்துலயும் கொஞ்சம் கழுவித்தான் போயிருந்துச்சு, ஆனா கீழ்மட்டையில கருப்பு அப்படியே இருந்துச்சு. பெருசு பண்ணிப் பாத்துட்டு, "இதையில்ல தொங்கவுட்டிருக்கோணும்"னாரு.