விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு: எது வெறும் எரிச்சல், எது வேலையை நிறுத்தும்?

வெள்ளைத்திரை (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. சிறிய அலுவலகம், எட்டு கணினிகள். எல்லாமே விண்டோஸ் 10 ப்ரோ, 22எச்2 (2022-இன் இரண்டாம் பாதியில் வந்த வெளியீடு). 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான ஆதரவு முடிந்துவிட்டதால் 11-க்கு மாற்ற முடிவாகியிருக்கிறது. டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி), பிராசசர் தலைமுறை எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது, எட்டும் தகுதியானவைதான். ஐந்தில் இருப்பதன் மேலேயே அப்கிரேடு. மூன்றில் எஸ்எஸ்டி மாற்றிப் புதிதாக இன்ஸ்டால்.

இணையத்தில் தேடினால் ஸ்டார்ட் மெனு பிடிக்கவில்லை, ரைட் கிளிக் பிடிக்கவில்லை, ஒன்டிரைவ் தொல்லை என்று ஆளுக்கொரு புகார். இதில் பழகினால் போய்விடுவது எது, திங்கட்கிழமை காலையில் வேலையை நிறுத்தப்போவது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் உள்ள சிக்கலான அம்சங்கள்: பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்டாகத் திறக்கும் பழைய நாஸ் (நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் கோப்புச் சேமிப்புப் பெட்டி) ஒன்று. ஸ்கேன் செய்த கோப்பை ஒரு கணினியின் ஷேர்டு ஃபோல்டரில் போடும் மல்டிஃபங்ஷன் பிரிண்டர். டாஸ்க்பாரை இடப்பக்கம் செங்குத்தாக வைத்துப் பழகியவர்கள் இருவர்.

பைட்பாண்டி:

கண்ணுக்குத் தெரியும் சமாச்சாரங்களை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம்.

டாஸ்க்பார் நடுவில் இருப்பது: செட்டிங்ஸ் → பெர்சனலைசேஷன் → டாஸ்க்பார் → டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். அலைன்மென்டை "லெஃப்ட்" ஆக்குங்கள். அதே இடத்தில் "கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்" என்பதை "நெவர்" ஆக்கினால் ஒவ்வொரு விண்டோவும் பெயரோடு தனித்தனியாகத் தெரியும். 11 முதலில் வந்தபோது இது கிடையாது, 23எச்2-வில்தான் திரும்ப வந்தது. அதனால் 2021, 2022-இல் எழுதப்பட்ட புகார்களில் பாதியை இப்போது தள்ளிவிடலாம். டாஸ்க்பாரில் ஃபைலை இழுத்துப் போடுவது, ரைட் கிளிக்கில் டாஸ்க் மேனேஜர் இரண்டும்கூட அப்படித் திரும்பி வந்தவையே.

ரைட் கிளிக் மெனு: ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய முழு மெனு நேராக வரும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கவே தேவையில்லை. கட், காப்பி, ரீநேம் எல்லாம் புது மெனுவில் தனி ஐகான் வரிசையாக இருப்பதுதான் ஆட்களைத் தடுமாற வைக்கிறது. எஃப்2, கன்ட்ரோல்-சி பழகியவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

ஸ்டார்ட் மெனுவில் "ரெகமெண்டட்" பகுதியை பெர்சனலைசேஷன் → ஸ்டார்ட் பக்கத்தில் உள்ள சுவிட்சுகளை அணைத்துக் காலிசெய்யலாம். ஒரு எச்சரிக்கை: சமீபத்திய ஃபைல்களைக் காட்டும் சுவிட்சை அணைத்தால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலும், டாஸ்க்பார் ஐகானை ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலும் அவை மறைந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு "ஃபைல் காணோம்" என்று கூப்பிடுவார்கள்.

செங்குத்து டாஸ்க்பார் ஆட்களுக்கு நல்ல செய்தி இல்லை. 24எச்2, 25எச்2 இரண்டும் வெளியானபோது அந்த வசதி கிடையாது. டாஸ்க்பாரையே புதிதாக எழுதியதில் இது விடுபட்டது, எங்கோ ஒளித்து வைத்த செட்டிங் அல்ல. மூன்றாந்தரப்பு மென்பொருள் போட்டுக் கொண்டுவரலாம். ஆனால் அவை எக்ஸ்ப்ளோரரின் உள்ளேயே நுழைந்து வேலை செய்பவை. மாதாந்திர அப்டேட் ஒன்று உள்ளே எதையாவது மாற்றினால் திரை மின்னி மின்னி அணையும், டாஸ்க்பாரே வராது. அப்போது கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் "ரன் நியூ டாஸ்க்" வழியாக அதை நீக்க வேண்டியிருக்கும். அலுவலகக் கணினியில் போடாதீர்கள். உயரம்தான் பிரச்சினை என்றால் ஆட்டோ ஹைடு போதும்.

கட்டளைவரி:

நாஸ்தான் உங்களுக்கு முதல் அடி. 24எச்2-விலிருந்து ப்ரோ பதிப்பில் எஸ்எம்பி சைனிங் (நெட்வொர்க்கில் கோப்பைப் பகிரும் எஸ்எம்பி முறையில் ஒவ்வொரு செய்திக்கும் டிஜிட்டல் கையொப்பம்) கட்டாயம், வெளியே போகும் இணைப்புக்கும் உள்ளே வரும் இணைப்புக்கும். ஹோம் பதிப்பில் கட்டாயமில்லை. "வீட்டுக் கணினியில் திறக்கிறது, ஆபீசில் மட்டும் ஏன் இல்லை" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் → விண்டோஸ் செட்டிங்ஸ் → செக்யூரிட்டி செட்டிங்ஸ் → லோக்கல் பாலிசீஸ் → செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ். அங்கே "மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையன்ட்: டிஜிட்டலி சைன் கம்யூனிகேஷன்ஸ் (ஆல்வேஸ்)" என்பதை டிசேபிள் செய்து ரீஸ்டார்ட் செய்தால் நாஸ் திறந்துவிடும்.

அரைபிட்:

@கட்டளைவரி சொன்னது பாதிதான். இவருடையது கெஸ்ட் நாஸ். அதற்கு அந்த ஒரு பாலிசி போதாது.

இதில் இரண்டு பூட்டு இருக்கிறது. சைனிங் ஒன்று. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பை ஏற்காதது இன்னொன்று. சைன் செய்யப் பயன்படும் சாவி பயனரின் பாஸ்வேர்டிலிருந்து உருவாவது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டே இல்லை, ஆகவே சாவியும் இல்லை, சைனிங்கும் நடக்காது. எனவே கெஸ்டை விடாப்பிடியாக வைத்துக்கொள்வதென்றால் சைனிங் கட்டாயத்தை நீக்குவதோடு, அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் → நெட்வொர்க் → லான்மேன் வொர்க்ஸ்டேஷன் → "எனேபிள் இன்செக்யூர் கெஸ்ட் லாகான்ஸ்" என்பதையும் இயக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதுபவர்களே அதிகம். நெட்வொர்க்கில் யாராவது போலி நாஸாக நின்றால்கூட இந்த எட்டு கணினிகளும் கேள்வி கேட்காமல் அதனோடு பேசும், அதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

சரியான வழி இதைவிடச் சின்னது. நாஸின் நிர்வாகப் பக்கத்தில் பாஸ்வேர்டோடு ஒரு பயனரை உருவாக்குங்கள், ஷேருக்கு அந்தப் பயனரின் அனுமதியைக் கொடுங்கள், எஸ்எம்பி 2 அல்லது 3 இயங்குகிறதா என்று பாருங்கள், சைனிங் வசதி இருந்தால் இயக்குங்கள். ஒவ்வொரு கணினியிலும் கிரெடென்ஷியல் மேனேஜர் → விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் போய் நாஸின் பெயரையும் அந்தப் பயனரையும் சேர்த்துவிட்டால் மறுபடி கேட்காது. நாஸை ஒருமுறை பெயராலும் ஒருமுறை ஐபி எண்ணாலும் திறக்காதீர்கள். விண்டோஸ் அவற்றை இரு வேறு சர்வர்களாகவே பார்க்கும், சேமித்த பாஸ்வேர்டு ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

இதையெல்லாம் அப்கிரேடுக்கு முன்பே, விண்டோஸ் 10-இல் இருக்கும்போதே செய்து முடித்துவிடுங்கள். பிறகு ஏதாவது திறக்கவில்லை என்றால் குற்றவாளி நாஸா அப்கிரேடா என்ற சந்தேகம் இருக்காது.

பிரிண்டர் எதிர்த்திசை. ஸ்கேனை வாங்கிக்கொள்ளும் கணினிதான் இங்கே சர்வர். அந்த ஒரு கணினியில் மட்டும், @கட்டளைவரி சொன்ன செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் பட்டியலில் உள்ள "மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் சர்வர்: டிஜிட்டலி சைன் கம்யூனிகேஷன்ஸ் (ஆல்வேஸ்)" என்பதை டிசேபிள் செய்ய வேண்டி வரலாம். அதற்கு முன் பிரிண்டருக்குப் புது ஃபர்ம்வேர் (அதன் உள்ளே இருக்கும் இயக்க மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனுக்கென்றே தனி லோக்கல் அக்கவுண்ட் (அந்தக் கணினியிலேயே உருவாக்கும் பயனர்) ஒன்று, அதற்குப் பாஸ்வேர்டு, அந்த ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி. பிரிண்டரின் முகவரிப் புத்தகத்தில் பின் எண்ணைப் போடாதீர்கள். பின் அந்தக் கணினியில் உட்கார்ந்து உள்நுழைய மட்டுமே, நெட்வொர்க்கில் செல்லாது. பிரிண்டர் எஸ்எம்பி 1 (பாதுகாப்பற்ற பழைய பதிப்பு) மட்டும்தான் பேசும் என்றால் அதற்காக எஸ்எம்பி 1-ஐ மீண்டும் நிறுவ வேண்டாம், மின்னஞ்சலுக்கோ எஃப்டிபிக்கோ ஸ்கேனைத் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, நெட்வொர்க் "பப்ளிக்" என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் ஷேரிங்கை அடைத்துவிடும். புதிதாக இன்ஸ்டால் செய்யும் மூன்றில் இதை முதலில் பாருங்கள்: செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → ஈதர்நெட், "பிரைவேட்" ஆக்குங்கள்.

வெள்ளைத்திரை:

மிக்க நன்றி. நாஸில் பயனர் உருவாக்கும் வசதி இருக்கிறது, அதையே செய்கிறோம். புதிதாக இன்ஸ்டால் செய்யும் மூன்றுக்கு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கட்டாயமா? பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் குறியாக்கம்) தானாகவே ஆன் ஆகும் என்கிறார்களே, உண்மையா?

அரைபிட்:

உண்மை. என் கணிப்பில் ஸ்டார்ட் மெனுவைவிட நூறு மடங்கு சத்தம் போட வேண்டிய விஷயம் இதுதான், ஆனால் திரையில் தெரியாததால் யாரும் போடுவதில்லை.

24எச்2-விலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கரின் எளிய வடிவம்) தானாக இயங்கும், ஹோம் பதிப்பிலும்கூட. 48 இலக்க ரெகவரி கீ (பூட்டிய டிஸ்கைத் திறக்கும் சாவி) அந்த அக்கவுண்டில் சேமிக்கப்படும். யாருடைய அக்கவுண்ட் என்பதுதான் கேள்வி. இன்ஸ்டால் செய்த பணியாளர் அவசரத்துக்குத் தன் சொந்த அக்கவுண்டைக் கொடுத்திருந்தால் அலுவலகக் கணினியின் சாவி அவரிடம். அவர் வேலையை விட்டுப் போனபிறகு பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் ஒன்று டிபிஎம்மின் அளவீடுகளை மாற்றினால் நீலத்திரை சாவி கேட்கும். இல்லையென்றால் தரவு போனதுதான், மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. மேலேயே அப்கிரேடு செய்யும் ஐந்தில் இது தானாக இயங்குவதில்லை. ஆனாலும் செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → டிவைஸ் என்கிரிப்ஷனில் ஒருமுறை பாருங்கள். கணினி வாங்கியபோதே இயங்கியிருக்கலாம்.

ப்ரோ என்பதால் உங்களுக்கு வழி இருக்கிறது. செட்டப்பில் "செட் அப் ஃபார் வொர்க் ஆர் ஸ்கூல்" → "சைன் இன் ஆப்ஷன்ஸ்" → "டொமைன் ஜாயின் இன்ஸ்டெட்". பெயர் பயமுறுத்தினாலும் டொமைன் (நிறுவனக் கணினிகளை மையமாக நிர்வகிக்கும் சர்வர் அமைப்பு) எதுவும் தேவையில்லை, சாதாரண லோக்கல் அக்கவுண்ட்தான் உருவாகும். பிறகு லேப்டாப்புகளுக்கு மட்டும் பிட்லாக்கரை நீங்களே இயக்கி, கன்ட்ரோல் பேனலில் "பேக் அப் யுவர் ரெகவரி கீ" கொடுத்து அச்சிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்வதற்கு முன் "சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன்" கொடுக்க மறக்காதீர்கள்.

இதே முடிவு ஒன்டிரைவ் தொல்லையையும் தவிர்த்துவிடும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து இன்ஸ்டால் செய்தால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம்மாறிவிடும் வாய்ப்பு அதிகம். இலவச அளவு 5 ஜிபி, சீக்கிரம் நிரம்பும். அதைவிட மோசம், டாக்குமென்ட்ஸில் டேட்டாபேஸ் ஃபைல் வைத்திருக்கும் கணக்கு மென்பொருள்கள்: ஃபைலின் பாதை மாறிவிடும், திறந்திருக்கும் ஃபைலை சிங்க் இழுக்கும், இரண்டு பிரதிகள் உருவாகும்.

ஏற்கனவே மாறியிருந்தால்: ஒன்டிரைவ் ஐகான் → செட்டிங்ஸ் → சிங்க் அண்ட் பேக்கப் → மேனேஜ் பேக்கப்பில் ஒவ்வொன்றாக அணைக்கவும். ஃபைல்களை எங்கே வைப்பது என்று கேட்டால் கணினியைத் தேர்ந்தெடுக்கவும். அதற்கு முன்பே அந்த ஃபோல்டர்களுக்கு "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்து, மேக அடையாளம் எல்லாம் பச்சை டிக்காக மாறும்வரை காத்திருங்கள். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும், அங்கிருந்து நகர்த்தலாம். "இது நகல்தானே" என்று அங்கே அழித்துவிடுவதுதான் ஆபத்து.

எழுத்துருப்பித்தன்:

தமிழில் வேலை நடக்கும் அலுவலகமென்றால் ஒன்று சேர்க்கிறேன். புதிதாக இன்ஸ்டால் செய்த கணினியில் லதா, விஜயா எழுத்துருக்கள் இருக்காது, நிர்மலா மட்டுமே இருக்கும். லதாவில் அமைத்த பழைய வேர்டு ஆவணங்களில் வரி உடைந்து பக்க எண்ணிக்கை மாறும். செட்டிங்ஸ் → சிஸ்டம் → ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் "தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ்" சேர்த்தால் சரியாகிவிடும். இது விண்டோஸ் 10-லும் அப்படித்தான், 11-ஐத் திட்ட வேண்டியதில்லை.

வேர்ட்பேட் 24எச்2-வில் நீக்கப்பட்டுவிட்டது. ஆர்டிஎஃப் ஃபைல்களை யாராவது அதில் திறக்கிறார்களா என்று இப்போதே விசாரித்து, லிப்ரே ஆபீஸ் போட்டு வையுங்கள்.

வெள்ளைத்திரை:

ஏதாவது தவறினால் திரும்பி வர எத்தனை நாள்? 24எச்2 போடுவதா, 25எச்2 போடுவதா?

கட்டளைவரி:

@அரைபிட் கெஸ்ட் பற்றிச் சொன்னது சரி, அந்தக் கோணத்தை விட்டுவிட்டேன்.

நேராக 25எச்2. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே, மாதாந்திர அப்டேட்டும் ஒன்றே. ஆனால் ப்ரோவில் 24எச்2-வின் ஆதரவு 2026 அக்டோபர் 13-உடன் முடிகிறது, 25எச்2-வுக்கு 2027 அக்டோபர் 12 வரை உண்டு.

திரும்பி வர 10 நாள். செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரெகவரி → "கோ பேக்". பழைய சிஸ்டம் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரில் இருக்கும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்" டிக் செய்தால் அந்தப் பொத்தான் அன்றே செத்துவிடும். திரும்பினால் சொந்த ஃபைல்கள் இருக்கும், 11-இல் புதிதாகப் போட்ட மென்பொருள்கள் போய்விடும். எப்படியும் இதை மட்டும் நம்பாமல், ஐந்துக்கும் வெளி டிஸ்கில் முழு இமேஜ் (டிஸ்கின் அப்படியே நகல்) எடுத்துக்கொள்ளுங்கள்.

யூஎஸ்பி இன்ஸ்டால் டிரைவ் ஒன்றும் கையில் இருக்கட்டும். 2025 அக்டோபர் 14 அப்டேட்டுக்குப் பின் ரெகவரி திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுசும் வேலை செய்யாத பிழை வந்தது. அக்டோபர் 20-இல் தனி அப்டேட்டாகச் சரிசெய்தார்கள். அந்த இடைவெளியில் வெளியிலிருந்து பூட் செய்ய டிரைவ் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

பைட்பாண்டி:

இன்னொன்று. எட்டிலும் ஒரே பதிப்பு, ஒரே அப்டேட் என்றாலும் ஸ்டார்ட் மெனு எட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புது வசதிகளை அப்டேட்டுக்குள் அணைத்தே அனுப்பி, சில கணினிகளில் முன்னதாகவும் சிலவற்றில் பின்னதாகவும் திறந்துவிடுகிறார்கள். எல்லா ஆப்களும் ஒரே பக்கத்தில் வரும் புது ஸ்டார்ட் மெனு அப்படித்தான் பரவியது. "நேற்று இருந்தது இன்று இல்லை" என்ற புகார்களில் பல இந்த வகை, அன்று எதுவும் இன்ஸ்டால் ஆகியிருக்காது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ் ஆஸ் சூன் ஆஸ் தே ஆர் அவைலபிள்" சுவிட்சை எட்டிலும் அணைத்து வையுங்கள், "பிரிவியூ" என்று பெயரில் உள்ள மாதக் கடைசி அப்டேட்டைத் தொடாதீர்கள். முதலில் ஸ்கேன் வாங்கும் அந்தக் கணினியை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நாஸ், பிரிண்டர் இரண்டும் அதில் ஒழுங்காக ஓடினால் மற்ற நான்கு அப்கிரேடும் ஒரே மாலையில் முடிந்துவிடும்.