ப்ளூயி பார்த்த பிறகு உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

மழைக்குருவி:
ப்ளூயி என்ற ஆஸ்திரேலியக் கார்ட்டூன் தொடரைப் பற்றி விளக்கப் போவதில்லை. 2018-லிருந்து அந்த நீல நாய்க்குட்டி ஓடாத வீடு இங்கே ஏது? நான் சொல்ல வந்தது அதில் வரும் 'ஸ்லீப்பிடைம்' கதையைப் பற்றி. விடியும்வரை தன் கட்டிலிலேயே தூங்கிக் காட்டுவேன் என்று ப்ளூயியின் தங்கை பிங்கோ முடிவெடுத்து, கனவில் கோள்களுக்கு நடுவே மிதக்குமே, அது. ஹோல்ஸ்ட்டின் 'ஜூபிடர்' இசை ஏறி ஏறி வரும். துணி மடித்துக்கொண்டே அழுதேன். சரி, அதற்கு எல்லாரும்தான் அழுகிறார்கள்.

நாங்கள் பிரிஸ்பேன். ப்ளூயி வீடு மாதிரியே தூண் மேல் நிற்கும் பழைய மர வீடு, வாடகைக்கு. கால் வைத்தால் பலகை முனகும். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அந்த முனகல் கேட்டது. என் நாலு வயதுக்காரி வழக்கமாக வந்ததும் போர்வைக்குள் நுழைந்து என் வயிற்றில் உதைப்பாள். அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். நான் விழித்துத்தான் இருந்தேன். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். கண்ணை மூடித் தூங்குவது போல் கிடந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். யானைப் பொம்மையைத் தரையில் இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். நான் பெரிய பிள்ளை என்று போனாளா, அம்மா எழுந்திருக்கவில்லை என்று போனாளா?

இரட்டைவால் அப்பா:
எனக்கு ப்ளூயியின் அப்பா, அந்த பேண்டிட் மேல்தான் கோபம். தொல்லியல் வேலையாம், எப்போது பார்த்தாலும் வீட்டுத் தரையில் உருண்டுகொண்டிருக்கிறான். 'கீப்பி அப்பி' பார்த்த அன்று நான் வேலை முடிந்து வந்து ஷூகூடக் கழற்றவில்லை, பையன்கள் இரண்டு பேரும் வாசலிலேயே பலூனோடு நிற்கிறார்கள். பலூன் தரையில் படக்கூடாது, அதுதான் ஆட்டம். ஆடினேன். நான் தட்டிய மூன்றாவது தட்டு நேராக ஃபேனுக்குப் போனது. (அந்தக் கதையிலும் கடைசியில் பலூன் வெடிக்கத்தான் செய்யும், அது யாருக்கும் ஞாபகமில்லை!) சின்னவன் ரப்பர் துணுக்கைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பரவால்லப்பா, நீ பேண்டிட் இல்லல்ல" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

கீரைவடை:
இரட்டைவால், பேண்டிட்டைக் குறை சொல்லாதீர்கள். அவனும் திட்டு வாங்கியவன்தான். 'எக்சர்சைஸ்' கதையில் தொப்பையைப் பிடித்துப் பார்த்து அலுத்துக்கொண்டதற்கு எவ்வளவு விமர்சனம்! 2023-இல் அந்த இடத்தையே வெட்டி மாற்றினார்கள். அப்புறம், ப்ளூயியின் அம்மா சில்லியும் வேலைக்குப் போகிறவள்தான், விமான நிலையப் பாதுகாப்பில். அவளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 'பேபி ரேஸ்' பாருங்கள்.

என் கதை சின்னது. நீலமாக இருக்கிறதே என்று மூன்று மாதம் ப்ளூயியை ஆண் குட்டி என்றே நினைத்திருந்தேன். பொம்மைக் கடையில் எல்லார் முன்னாலும் மகள் திருத்தினாள்: "அது பொண்ணும்மா."

ஒன்று சொல்கிறேன், பிடித்தால் செய்யுங்கள். ஒரு கதை ஏழு நிமிடம்தான் என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். அடுத்தது தானாக ஓடுவதை முதலில் நிறுத்துங்கள். எத்தனை கதை என்று டிவியைப் போடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கடைசிக் கதை முடிந்ததும் ரிமோட்டைப் பிள்ளை கையிலேயே கொடுத்து அணைக்கச் சொல்லுங்கள், அழுகை பாதி குறையும். படுக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். கூடவே உட்கார்ந்து பாருங்கள், சமைத்துக்கொண்டே பார்ப்பது கணக்கில் வராது. மழைக்குருவி, நீங்கள் நைட் லேம்ப் போட்டு, கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளை தானாகத் திரும்பிப் போவது நல்லதுதானே, இதற்குப் போய் யாராவது கவலைப்படுவார்களா?

பெயர் வேண்டாம்:
கவலைப்படுவார்கள், கீரைவடை.

'காப்பிகேட்' பார்த்திருப்பீர்கள். அடிபட்ட பட்ஜி என்ற சின்னப் பறவையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவார்கள், பிழைக்காது. வீட்டுக்கு வந்ததும் ப்ளூயி அதையே விளையாட்டாக நடத்துவாள். விளையாட்டிலாவது குருவி பிழைக்கும் என்று அம்மா நினைப்பாள். ப்ளூயி அதைச் சாகத்தான் வைப்பாள்.

போன வருடம் கும்பகோணத்தில் மாமனார் தவறிவிட்டார். டிக்கெட் கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்த்தோம். மகளும் பார்த்திருக்கிறாள், அது எங்களுக்கு உறைக்கவில்லை. அடுத்த வாரம் என்னைச் சோஃபாவில் படுக்க வைத்தாள். "நீதான் தாத்தா. கண்ணை மூடிக்கோ." துண்டைக் கழுத்துவரை போர்த்தினாள். மூக்கில் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால், டிஷ்யூவைக் கிழித்து இரண்டு உருண்டை உருட்டி வைத்திருக்கிறாள். கையைத் தட்டிவிட்டேன். "என்னடி விளையாட்டு இது" என்று கத்தினேன்.

'காப்பிகேட்' பார்த்தது நாலு மாதம் கழித்து. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

மழைக்குருவி:
கீரைவடை, நைட் லேம்ப் இரண்டு வருடமாக எரிகிறது. நான் கேட்டது அதையில்லை.
அக்கா, அவள் மறுபடி அந்த விளையாட்டுக்குக் கூப்பிட்டாளா?

பெயர் வேண்டாம்:
இல்லை. ஒருநாள் நானே போய்ச் சோஃபாவில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, எந்திரி, ரிமோட் உனக்கு அடியில இருக்கு" என்றாள்.