நமக்குப் பிடித்தவர் தோற்ற நாள்: கொழும்பிலிருந்து சில அனுபவங்கள்

கொட்டாஞ்சேனை ஆசிரியை:

2024 பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கு முடிவுகள் வெளிவந்த அன்று நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அம்மா வானொலியை அணைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு, "நீ யாருக்குப் போட்டாய், பிள்ளை?" என்று கேட்டார்.

அம்மாவின் வாக்கு எங்கள் வீட்டில் ஒருபோதும் இரகசியமாக இருந்ததில்லை. தமிழ் முற்போக்குக் கூட்டணித் தலைவர் மனோ கணேசன் கொழும்பில் எப்போது நின்றாலும் அவருக்குத்தான். அதற்குக் காரணம் கட்சி அல்ல. 2006ஆம் ஆண்டளவில் இந்த நகரத்தில் ஆட்களைக் கடத்திக்கொண்டு போகும் வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவோம். அந்த நாட்களில்தான் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் காணாமல் போனான். அவனுடைய தாயைக் கூட்டிக்கொண்டு, காணாமல் போனவர்களைப் பற்றிக் குரல் கொடுத்த மக்கள் கண்காணிப்புக் குழுவிடம் முறைப்பாடு கொடுக்கப் போனவர் என் அம்மா. அந்தக் குழுவில் மனோ கணேசனோடு சேர்ந்து இயங்கிய பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் அதே ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி பட்டப்பகலில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பையன் இன்றுவரை வரவில்லை. ஆனால் வாய் திறக்கவே எல்லோரும் பயந்த காலத்தில் வாய் திறந்தவர் என்று அம்மா மனத்தில் ஒருவரை எழுதி வைத்துவிட்டார். அது அழியாது.

அம்மாவின் கேள்விக்கு நான் உண்மையைச் சொன்னேன். தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2022இல் எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் வரிசையில் நின்றவள் நான். அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களை மெழுகுவர்த்தியில் திருத்தினேன். மெழுகுவர்த்தியும் தீர்ந்துபோனது. இவர்கள் எல்லோரும் போகட்டும் என்ற வைராக்கியம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் 'எல்லோரும்' என்று நான் நினைத்தபோது மனோ கணேசனை அதில் சேர்க்கவில்லை. அவர் எப்படியும் வென்றுவிடுவார், மற்றவர்கள் அவரைத் தோற்க விடுவார்களா என்று நினைத்தேன்.

நம்முடைய வாக்குச் சீட்டு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கட்சிக்கு ஒரு புள்ளடி. அதன் பிறகு அந்தக் கட்சிக்குள்ளேதான் மூன்று விருப்பு இலக்கங்கள். கட்சிக்குத் திசைகாட்டி, ஆளுக்கு ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்தில் நின்ற மனோ கணேசன் என்று போட வழியில்லை. மறைப்புக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் அதைத்தான் தேடினேன். இல்லை.

2020இல் தொலைபேசிக்குக் கொழும்பு மாவட்டத்தில் 6 ஆசனங்கள் கிடைத்தன. இந்த முறை 18இல் 14 திசைகாட்டிக்குப் போய், மிஞ்சிய 4தான் தொலைபேசிக்கு. அந்த நான்கில் அவர் இல்லை. பிறகு, நாடு முழுவதும் கிடைத்த வாக்குகளை வைத்துக் கட்சிக்குக் கிடைக்கும் தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் போனார். "அது கொழும்பு அனுப்பியது இல்லையே" என்றார் அம்மா. அதன் பிறகு என்னோடு நான்கு நாள் சரியாகப் பேசவில்லை.

உங்கள் வீடுகளில் என்ன நடந்தது? எந்தத் தேர்தலாக இருந்தாலும் எழுதுங்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

நாலாம் குறுக்குத் தெரு:

தங்கச்சி, உங்கள் அம்மாவின் நான்கு நாளைப் படித்ததும் என் அப்பாவின் மூன்று மாதம் நினைவுக்கு வந்தது.

எங்களுக்கு விருதுநகர். அப்பா புறக்கோட்டையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்தார். 1967 பெப்ரவரியில் எனக்கு ஒன்பது வயது. அந்தக் காலத்துக் கடைகளுக்குப் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருக்கும், வரிசை மாறினால் பூட்டு விழாது. இரவில் திருச்சி வானொலி இரைச்சலோடு பிடிபடும். அப்பா ஐந்து பலகைகளை மாட்டிவிட்டு ஆறாவது பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். காமராசர் விருதுநகரில் தோற்றுவிட்டார் என்று வானொலி சொன்னது. 1,285 வாக்கு. வென்றவர் பெ. சீனிவாசன், இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர். அப்பா அந்தப் பலகையை அப்படியே சுவரில் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மிச்சப் பலகைகளைக் கணக்குப்பிள்ளை ஐயாதான் மாட்டினார்.

அப்போது காமராசர் முதலமைச்சர் இல்லை, 1963லேயே பதவியை விட்டுவிட்டார். முதலமைச்சராக இருந்தவர் பக்தவத்சலம், அவரும் தோற்றார். ஆனால் விருதுநகர்க்காரர்களுக்குக் காங்கிரஸ் ஆட்சி என்றால் காமராசர்தான். ஊர்ப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டவர்.

கதை இனித்தான். அப்பா ஊருக்கு எழுதினார்: "எந்த நன்றிகெட்டவன் மாற்றிப் போட்டான்?" அப்பத்தா யாரையோ வைத்துப் பதில் எழுதியிருந்தார். நீலநிற வான் கடிதம். அம்மா வாசிக்க வாசிக்க அப்பாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். கடையில் அரிசி கிடையாது, கிடைத்தாலும் வாங்க முடியாது, தி.மு.க.காரர்கள் ரூபாய்க்கு மூன்று படி என்கிறார்கள், ஒரு படியாவது நிச்சயம் என்கிறார்கள், "ஐயாவை எங்கே கண்டாலும் கும்பிடுவேன், ஓட்டு அந்தப் பையனுக்குத்தான் போட்டேன்" என்று இருந்தது. மூன்று மாதம் அப்பா தாய்க்குக் கடிதம் போடவில்லை. பணம் மட்டும் அனுப்பினார்.

1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராசர் வென்றபோது கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா கற்கண்டு கொடுத்தார். அப்பத்தாவும் ஊரில் கொடுத்தாராம்.

மருதானைவாசி:

வாக்குச் சீட்டில் வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அக்கா. வழி இருந்திருந்தால் செய்திருப்பீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பாவுக்கு அந்த வழி இருந்தது.

அன்றைய கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதி. ஒருவருக்கு மூன்று வாக்குகள். மூன்றையும் ஒரே ஆளுக்குப் போடலாம், பிரித்தும் போடலாம். 1947 முதல் முப்பது வருடம் அந்தத் தொகுதியின் உறுப்பினர்களில் ஒருவராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன். 1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சரானார். 1973இல் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் இத்தனை வீடுகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். மிஞ்சிய வீடுகளை அதில் குடியிருந்தவர்களே வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த ஒன்றரை அறை வீடு அப்படித்தான் எங்களுக்குச் சொந்தமானது. உறுதிப் பத்திரத்தை அப்பா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை படத்தைத் துடைக்கும்போது பத்திரத்தையும் எடுத்துத் துடைப்பார். அதில் தூசு ஏற வழியே இல்லை, ஆனாலும் துடைப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் 1977 ஜூலை 21ஆம் திகதி மூன்று வாக்கையும் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்குப் போட்டுவிட்டு வந்தார். அம்மாவும் அப்படியே. காரணம் பாண் தட்டுப்பாடு. விடியற்காலை நான்கு மணிக்கு என்னையும் அண்ணாவையும் எழுப்பி வரிசைக்கு அனுப்புவார்கள். அண்ணா ஓர் இடம், நான் ஓர் இடம். சில நாள் ஆளுக்கு அரை இறாத்தல், சில நாள் வெறுங்கை.

கெனமன் தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனங்களை அள்ளியது. இடதுசாரிகளுக்கு ஒன்றுகூட இல்லை. சமசமாஜக் கட்சித் தலைவர்கள் என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் தோற்றார்கள். அன்றிரவு வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா, "ஒன்றையாவது அந்த மனிதருக்குப் போட்டிருக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா எதுவும் சொல்லாமல் என் தலையைத் தடவினார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. அந்த உறுதிப் பத்திரத்தை அப்பா சட்டைக்குள் செருகிக்கொண்டார். நாங்கள் ஒரு சிங்கள நண்பர் வீட்டின் பின்னறையில் ஆறு இரவு ஒளிந்திருந்தோம். அந்த ஆறு இரவிலும் அப்பா அதே வாக்கியத்தைச் சொன்னார். கெனமன் வென்றிருந்தாலும் அந்தக் கலவரம் நின்றிருக்காது, அது எனக்கு இப்போது தெரிகிறது. அப்பாவிடம் அதைச் சொல்லும் வயது அப்போது எனக்கு இல்லை.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்:

நான் இந்திய அரசின் புலமைப்பரிசிலில் டெல்லியில் படித்தேன். 2013 டிசம்பரில் கோல் மார்க்கெட் அருகே ஒரு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். காங்கிரஸின் ஷீலா தீட்சித் அப்போது 15 வருடமாக டெல்லி முதலமைச்சர். நான் படிக்கப் போன மெட்ரோ ரயிலும், புகையில்லாத பஸ்களும் அவருடைய காலத்தில் வந்தவை. வீட்டுக்கார ஆண்ட்டிக்கு அவர்மீது கொள்ளைப் பிரியம், "எங்கள் வீட்டுப் பெரிய மருமகள் மாதிரி" என்பார். அதே ஆண்ட்டி மின்சாரக் கட்டணச் சீட்டுகளை ஆணியில் குத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் அந்த ஆணியைக் காட்டித் திட்டுவார். வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தொட்டபோது சமையலில் வெங்காயத்தையே நிறுத்தினார். ஆம் ஆத்மி கட்சியின் கெஜ்ரிவால் கட்டணத்தைப் பாதியாக்குவேன் என்றதும் அவருடைய துடைப்பச் சின்னத்துக்குப் போட்டுவிட்டார்.

ஷீலா தீட்சித் தன் சொந்தத் தொகுதியிலேயே கெஜ்ரிவாலிடம் இருபத்தையாயிரத்துக்கும் அதிகமான வாக்குகளால் தோற்றார். தொலைக்காட்சியில் அவருடைய முகத்தைப் பார்த்து ஆண்ட்டி அழுதார். எனக்குக் கோபம் வந்தது. "நீங்கள்தானே போட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டது தவறு. வேறு நாட்டிலிருந்து வந்து அவருடைய வீட்டில் சாப்பிடுகிற பெண் கேட்கிற கேள்வியா அது?

2025 பெப்ரவரியில் அதே தொகுதியில் கெஜ்ரிவால் 4,089 வாக்குகளில் தோற்றார். ஆண்ட்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "இரவு சாப்பிடவில்லை" என்றார்.

முகத்துவாரம்:

சுருக்கமாக எழுதுகிறேன். இந்தியாவில் மாநிலத் தேர்தலில் பிடித்தவர் தோற்றால் ஐந்து வருடத்தில் மறுபடி நிறுத்தலாம், வெல்ல வைக்கலாம். கொழும்பு அடங்கிய எங்கள் மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச் 29ஆம் திகதி. சபையின் காலம் 2019இல் முடிந்தது, பொறுப்பு ஆளுநர் கைக்குப் போனது. 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது, தேர்தல் அங்கேயே நின்றுவிட்டது. 2014இல் நான் வாக்களித்தவர் வென்றார். அவர் நன்றாகச் செய்தாரா என்று தீர்ப்புச் சொல்லும் சந்தர்ப்பம் பத்து வருடம் கடந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. தோற்கடித்துவிட்டு அழுவதற்குக்கூட ஒரு தேர்தல் வேண்டும். எனக்கு இதில்தான் வயிறு எரிகிறது.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:

மருதானைத் தம்பி, கோபம் இல்லை. இரண்டு நாளாக உங்கள் கேள்வியோடுதான் இருந்தேன். மூன்று வாக்கு இருந்திருந்தால் ஒன்றை மனோ கணேசனுக்குக் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்று உடனே எழுத வந்தது. பிறகு அந்தச் சிலிண்டர் வரிசை நினைவுக்கு வந்தது. எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 69தான். எங்கள் ஒழுங்கையிலேயே எனக்குத் தெரிந்து ஐந்து பேர் போகவில்லை. ஐந்து பேரும் மனோ கணேசனுடைய ஆட்கள். முடிவு வந்த பிறகு அதிகம் சத்தம் போட்டவர்களும் அந்த ஐந்து பேர்தான். அவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். நான் மாற்றிப் போட்டேன், அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இவர்கள் போகவே இல்லை.

அப்பத்தாவின் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கும்பிடுவேன்" என்ற இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

2025 மே 6ஆம் திகதி மாநகர சபைத் தேர்தலுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. வழியில் இரண்டு இடத்தில் நின்று நின்று நடந்தோம். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே சீட்டை வாங்கி விரித்துப் பார்த்த அம்மா, அதில் கட்சிப் பெயர்களும் சின்னங்களும் மட்டும் இருப்பதைக் கண்டு அங்கிருந்த உத்தியோகத்தரிடம், "இதில் ஆட்களின் பெயர் எங்கே, தம்பி?" என்று கேட்டார். அந்தத் தம்பி மிகப் பொறுமையாக, இந்தத் தேர்தலில் சீட்டில் பெயர் இருக்காது அம்மா, கட்சிக்கு மட்டும்தான் புள்ளடி என்று விளக்கினார். அம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பிறகு மறைப்புக்குப் பின்னால் போனார்.