மறு: ‘லுக்பேக் விண்டோ’வுக்குச் சாளரம் வேண்டாமே

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

காலம் கடந்துபோன வழக்குகளையும் போடலாம் என்று சட்டம் சிறிது காலத்துக்கு வழிவிடுவதை ஆங்கிலத்தில் ‘லுக்பேக் விண்டோ’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் எது என்று நம் குழுவில் மூன்று நாளாக இழை நீண்டுகொண்டே போகிறது. சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நேற்று சென்னை வழக்கறிஞர் ஐயா ‘பின்னோக்குச் சாளரம்’ என்று சொல்லிப் பேச்சை முடிக்கப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை. ஐயா மன்னிக்க வேண்டும். அந்தச் சொல்லைப் பார்ப்பவருக்குக் கணினித் திரைதான் நினைவுக்கு வரும், நீதிமன்றம் வராது.

முதலில் பொருளைப் பார்ப்போம். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இழப்பீட்டு வழக்குப் போடும் காலம் எப்போதோ கடந்திருந்தாலும் போடலாம் என்று நியூயார்க் மாநிலம் 2019 ஆகஸ்ட் 14 முதல் ஓராண்டு வழிவிட்டது. கொரோனாவில் நீதிமன்றங்கள் முடங்கவே, அதை 2021 ஆகஸ்ட் 14 வரை நீட்டித்தார்கள். ஏறத்தாழ 11,000 வழக்குகள் வந்து குவிந்தன. கலிஃபோர்னியா 2020 தொடங்கி மூன்றாண்டு கொடுத்தது. இவையெல்லாம் உரிமையியல் (சிவில்) வழக்குகள். காலம் முடிந்துபோன குற்ற வழக்கைப் புதுச் சட்டத்தால் உயிர்ப்பிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இலேயே சொல்லிவிட்டது. ஆகவே, ‘குற்ற’ என்று தொடங்கும் பரிந்துரைகள் இரண்டையும் தள்ளிவிடலாம்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015இல் இத்தகைய இழப்பீட்டு வழக்குகளுக்கான காலவரம்பையே எடுத்துவிட்டது. ஜெர்மனியில் பாதிக்கப்பட்டவருக்கு 30 வயது நிறையும்வரை குற்ற வழக்குக்கான காலக்கணக்கு ஓடாது. நம் சிங்கப்பூரில் குற்ற வழக்குக்குப் பொதுவாகக் காலவரம்பு இல்லை. ஆனால் இழப்பீடு கேட்பதற்கு, சிறுவராக இருந்தவருக்கு 21 வயதில் கணக்குத் தொடங்குகிறது; வழக்கின் வகையைப் பொறுத்து மூன்று ஆண்டு அல்லது ஆறு ஆண்டு. நாம் எல்லாவற்றையும் ‘காலவரம்புத் தளர்வு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். விக்டோரியா செய்தது ஒழிப்பு, ஜெர்மனி செய்வது கணக்கு நிறுத்தம், நியூயார்க் செய்தது குறுகிய காலத்துக்குக் கதவைத் திறந்துவைத்தது. இந்த மூன்றாவதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

‘கெடு விலக்கு’ என்றார் ஈப்போ நண்பர். சின்னச் சொல், நல்ல தமிழ், எல்லாருக்கும் புரியும். வேறு எந்தச் சட்டமாக இருந்தாலும் கைதூக்கியிருப்பேன். ஆனால் ‘அந்தப் பெண்ணைக் கெடுத்துவிட்டான்’ என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதை மறந்துவிட்டோமா? கெட்டது அவன்; பழி விழுவது அவள் மேல். அந்த வேரை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

‘காலாவதி’யையும் விட்டுவிடச் சொல்வேன். அந்தச் சொல்லைக் கையாண்ட குற்றவாளி நானேதான். சனிக்கிழமைகளில் ஓர் இலவசச் சட்ட ஆலோசனைக் கூடத்தில் மொழிபெயர்த்து உதவுகிறேன். அவர்களுடைய துண்டறிக்கையில் ‘வழக்குரிமை காலாவதியாகும்’ என்று எழுதிக்கொடுத்திருந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அம்மா அந்தத் தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து, கடைசியில் இனி மடிக்க முடியாத கட்டையாக்கிக் கையில் வைத்திருந்தார். “தங்கச்சி, எனக்குக் காலாவதி ஆகிவிட்டதா?” என்று கேட்டார். ‘என் வழக்குக்கு’ என்று கேட்கவில்லை, ‘எனக்கு’ என்றார். அன்று மாலை தேக்காவில் தோசை மாவு வாங்கியபோது பொட்டலத்தில் தேதியைப் பார்த்தேன். அதே சொல்.

என் பரிந்துரை இதுதான். வழக்கைத் தடுப்பது ‘காலத்தடை’. அந்தத் தடை சட்டத்தால் விலகி நிற்கும் நாட்கள் ‘தடைநீக்கக் காலம்’. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது மீனவர் முதல் செய்தி வாசிப்பவர் வரை எல்லாருக்கும் தெரியும். அந்த அச்சிலேயே வார்த்ததுதான் இது. தடை அங்கே வரும், இங்கே போகும். தடை சட்டத்தினுடையது, ஆளுடையது அல்ல என்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

‘மறுதிறப்பு’ அழகாக இல்லையா என்று ஜூரோங் அக்கா கேட்டிருந்தார். அழகுதான் அக்கா. ஆனால் மறுபடி திறக்க, முன்பு ஒருமுறை திறந்திருக்க வேண்டும். இவர்களில் பலர் வாயையே திறந்ததில்லை. போதாக்குறைக்குப் பள்ளிக்கூடம் மறுதிறப்பு வேறு நினைவுக்கு வருகிறது.

‘தடைநீக்கக் காலம்’ நீளம் என்றால் ‘தடைநீங்கு காலம்’ என்று வினைத்தொகையாக்கலாம். ஆனால் அது, தடை தானாகவே நீங்கியதுபோல ஒலிக்கிறது. தானாக நீங்கவில்லை, பாதிக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி நீக்கவைத்தார்கள். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

துண்டறிக்கை வியாழக்கிழமை மறுபடி அச்சுக்குப் போகிறது. நம் ஊரில் அப்படியொரு காலம் இல்லாததால் இந்தச் சொல்லுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ‘காலாவதி’யை அடித்துவிட்டு ‘காலத்தடை’ என்று எழுதிவிட்டேன். புதன் இரவுக்குள் இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து