குடும்பக் குழு: ஹுஸ்தாய் போன வித்யா

வித்யா: ஹுஸ்தாய் வந்து சேர்ந்துவிட்டேன். மங்கோலியத் தலைநகர் உலான்பாதரிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். இங்கே மணி எட்டு, இன்னும் வெளிச்சம் போகவில்லை.

அம்மா: இங்கே ஐந்தரைதான். சாப்பிட்டாயா?

சித்தப்பா: பூங்கா என்றாயே, பூ எங்கே? படத்தில் மொட்டை மலைதான் தெரிகிறது.

வித்யா: தேசியப் பூங்கா சித்தப்பா. பாத்தி, பெஞ்சு எதுவும் கிடையாது. புல்லுக்குள் குனிந்து தேடினால் எடல்வைஸ் பூ இருக்கிறது, கம்பளித் துணியில் வெட்டியது போல வெள்ளையாக. ஹுஸ்தாய் என்றால் பிர்ச் மரங்கள் உள்ள இடமாம். மரமெல்லாம் மலைமேல்.

கார்த்திக்: அக்கா, குதிரை பார்த்தாயா இல்லையா?

வித்யா: பார்த்தேன்! இங்குள்ள காட்டுக் குதிரை, தாகி என்பார்கள்.

சித்தப்பா: தாக்கியா? அப்போது கிட்டே போகாதே.

வித்யா: 😄 போகவும் விடமாட்டார்கள். வழிகாட்டி தூரத்திலேயே நிறுத்திவிட்டார். வெயில் நேரத்தில் மலை மேலேயே இருக்குமாம், சாயங்காலம்தான் தண்ணீருக்கு இறங்கும். ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

வித்யா: [படம்]

கார்த்திக்: நான்கு புள்ளி தெரிகிறது.

வித்யா: அந்த நான்கு புள்ளிக்குத்தான் இவ்வளவு தூரம்! 1969க்குப் பிறகு காட்டில் ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. விலங்குக்காட்சிச்சாலைகளில் வளர்ந்தவைதான் மிச்சம். அவற்றின் வாரிசுகளில் 16 குதிரைகளை 1992இல் நெதர்லாந்திலிருந்து விமானத்தில் கொண்டுவந்தார்கள். இப்போது இங்கே 300க்கும் மேல்.

கார்த்திக்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுதை மாதிரி இருக்கிறது.

வித்யா: குள்ளம்தான். பிடரி மயிர் நெற்றியில் விழாது, பிரஷ் போல நிமிர்ந்து நிற்கும். வீட்டுக் குதிரைக்கு 64 குரோமோசோம், இதற்கு 66. இதன்மேல் ஏறி ஓட்டும் கனவெல்லாம் வேண்டாம் தம்பி.

சித்தப்பா: வேறு என்ன இருக்கிறது?

வித்யா: பூங்காவின் ஓரத்தில் துருக்கியர் காலத்துக் கல்லறை ஒன்று. மனித உருவக் கற்சிலைகள், வரிசையாக நட்ட கற்கள். உங்கள் நடுகல் நினைவுதான் வந்தது.

சித்தப்பா: இதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா? குதிரையை விடு, அந்தப் படத்தை அனுப்பு.

அம்மா: ராத்திரி எங்கே தங்குகிறாய்?

வித்யா: கெர்ரில் அம்மா, வட்டமான கம்பளிக் கூடாரம். வாசல் தெற்கு பார்த்திருக்கும். நுழையும்போது நிலைப்படியை மிதிக்கக் கூடாது.

அத்தை: பாட்டி இதைக் கேட்டுவிட்டு, "நான் சொன்னால் மட்டும் யாரும் கேட்பதில்லை" என்கிறார்.

வித்யா: மதியம் ஒரு மேய்ப்பர் வீட்டில் ஐராக் கொடுத்தார்கள். குதிரைப் பாலைப் புளிக்க வைப்பது. நாள்பட்ட மோர் மாதிரி, கொஞ்சம் நுரை.

கார்த்திக்: அதில் போதை உண்டு என்று படித்தேனே 🤔

வித்யா: லேசாக.

அம்மா: வித்யா!!

வித்யா: ஒரே ஒரு மடக்கு அம்மா. நீட்டியதை வாங்காவிட்டால் மரியாதை இல்லை.

அத்தை: பாட்டி கேட்கிறார், குதிரை உதைக்காமல் எப்படிக் கறக்கவிடுகிறது?

வித்யா: முதலில் குட்டியை ஊட்டவிடுகிறார்கள். பால் சுரந்ததும் குட்டியை விலக்கி, பக்கத்திலேயே நிற்க வைத்துக் கறக்கிறார்கள்.

அத்தை: "நம் மாட்டுக்குச் செய்வதுதானே. சரி, குட்டிக்கு மிச்சம் வைத்தார்களா என்று கேள்" என்கிறார்.